கண்ணாடிச் சருகு

மேற்கு மலைக்குக் கீழே ஊத்தடிப்பட்டியில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நல்ல புருஷன் இருந்தான், வற்றாத கிணறு இருந்தது, வாயில் முப்பத்திரண்டு பல்லும் இருந்தன; இருந்தும் என்ன, அவள் கண் தன் வீட்டு முற்றத்தில் ஒரு நாளும் தங்கியதில்லை, அது எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம், அவள் கொழுந்தன் பெண்டாட்டி முப்பிடாதி மேலேயே மேய்ந்துகொண்டிருந்தது. முப்பிடாதி புதுச்சேலை கட்டினால் பேராச்சிக்குத் தன் சேலையெல்லாம் சாயம் போனதாகத் தெரியும். முப்பிடாதி வீட்டில் நெத்திலிக் குழம்பு கொதித்தால் இவள் வீட்டுக் கறிக்குழம்பில் உப்பு குறைந்துவிடும். முப்பிடாதி யாரோடோ பேசிச் சிரித்தால் இவள் காதுக்குள் கட்டெறும்பு ஊரும்.

மாமனார் செத்த பிறகு நிலத்தை ரெண்டாக வகுந்து, அம்மன் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கீழ்த்துண்டு மூத்தவன் கோமதிநாயகத்துக்கு, அதாவது பேராச்சி வீட்டுக்கு விழுந்தது. முப்பது வருஷம் ஆட்டுக்கிடை போட்டுப் போட்டு எரு ஊறிய மண், மழை பெய்தால் மேட்டிலிருந்து இறங்குகிற வண்டல் முழுதும் வந்து உட்கார்கிற இடம். மேல்துண்டு இளையவன் வைரவனுக்கு, அதாவது முப்பிடாதி வீட்டுக்கு விழுந்தது. அங்கே சரளைக்கல்லைத் தவிர ஒன்றுமில்லை, மண்வெட்டி போட்டால் பொறி பறக்கும். சீட்டு விழுந்த அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பேராச்சி யாரையும் நினைக்காமல் தூங்கினாள்.

ரெண்டு வீட்டாரும் தேக்கு வைத்தார்கள். ஒரே லாரியில் வந்த கன்று, ஒரே நாளில் தோண்டிய குழி. வைரவன் கன்று நட்ட கையோடு கேரளாவுக்கு மரம் அறுக்கப் போய்விட்டான், மேல்துண்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தது முப்பிடாதிதான். மூன்று வருஷத்தில் கீழ்த்துண்டு மரங்கள் வீட்டுக் கூரையைத் தாண்டின; மேல்துண்டு மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் வளர்ந்து, அதற்கு மேல் யோசித்துக்கொண்டு நின்றன.

நாலாம் வருஷம் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், மேல்துண்டில் முதல் இலை உதிர்ந்தது. தேக்கிலை விழுந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். இது வளையல் உரசுகிற சத்தத்தோடு விழுந்தது. முப்பிடாதி குனிந்து எடுத்துப் பார்த்தாள். முறம் அகலத்துக்கு இலை. காம்பு இருந்தது, நரம்பு இருந்தது, நரம்பெல்லாம் சுண்ணாம்பில் கோடு இழுத்தது போல வெள்ளையாக இருந்தது. மற்றபடி அந்த இலையில் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை, அடியில் கையை வைத்தால் கைரேகை தெரிந்தது. அதை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள், இன்னும் பாதித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் மரம் பூராவும் உதிரத் தொடங்கி, தரை முழுக்க வெயில் பட்டுக் கண் கூசியது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதலில் பீடி சுற்றுகிற பெண்கள் வந்தார்கள், ஏனென்றால் இலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்தப் பக்கத்தில் அவர்களை விட்டால் ஆளில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இலையை விரலால் நீவி, கத்தரியால் நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டித் தூக்கிப் பார்த்து, உள்ளே இருக்கிற தூளெல்லாம் வெளியே தெரிகிறது, இதைக் கடையில் கழித்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் வடைத் தட்டுக்கு ஒரு இலையை மூடியாக வைத்தார், ஈக்கள் முட்டி முட்டி ஏமாந்தன. பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாளாக உடைந்து கிடந்த ஜன்னலுக்கு வாத்தியார் நாலு இலையை ஒட்டினார், பிள்ளைகள் அதன் வழியாக மலையைப் பார்த்தார்கள், மலை மலையாகத்தான் தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு அதைப் போட்டார்கள். சாம்பார் அந்தரத்தில் நிற்பதைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்களோ எங்களை வெறுந்தரையில் சோறு போட்டு அவமானப்படுத்துகிறீர்களா என்று எழுந்து போனார்கள், அதற்குப் பிறகு அந்த இலையில் சாப்பாடு வைப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. பூசாரி மூன்று நாள் யோசித்து, பச்சை இல்லாதது இலை ஆகாது, மரத்திலிருந்து விழுந்தது இலை ஆகாமலும் போகாது, ஆகவே இதில் விபூதி மடித்துக் கொடுக்கலாம், படையல் போடக்கூடாது என்றார். அதோடு ஊரில் குழப்பம் தீர்ந்தது. தென்காசியிலிருந்து கார் வந்தது, கார் நிற்கிற இடத்தில் இளநீர்க் கடை வந்தது, மேல்துண்டுக்குப் பெயர் கண்ணாடித் தோப்பு என்று ஆயிற்று. இலை ஏன் இப்படி விழுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பேராச்சிக்குத்தான் அது தாங்கவில்லை. அவளுடைய மரங்களும் அதே மாசியில்தான் இலை உதிர்த்தன, எருமைத்தோல் போல் தடித்த இலை, பாதிப் பச்சையும் பாதி மஞ்சளுமாக, பழுக்கிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் பொத்துப் பொத்தென்று விழுந்து முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன, அடியில் மண்புழு நெளிந்தது, தவளை குடியிருந்தது, மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. யார் அதைப் பார்த்தார்கள்? கண்ணாடித் தோப்புக்குப் போக இவள் தோட்டம்தான் குறுக்கு வழி. பட்டுச்சேலைக்காரிகள் இவள் சருகைச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு வந்து, "ஏம்மா, கண்ணாடி மரத்துக்கு இப்படித்தானே போகணும்?" என்று இவளிடமே கேட்பார்கள். இவள் கையைத் தூக்கி அந்தத் திசையைக் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை காட்டினாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கை சோற்றுக்கு மடங்க மறுத்தது.

"அவ மரத்துக்கு மட்டும் என்னத்துக்கு அப்படி உதிரணும்? நம்ம மரம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"ஏளா, நம்ம மரம் அவ மரத்தைவிட ரெண்டு பங்கு உயரம். அதைப் பாரு."

"உயரத்தைப் பாக்க ஒரு நாயாவது வந்துச்சா?"



பங்குனி பிறக்கும்போது ரெஜினா என்ற பெண் வந்தாள், மரங்களைப் பற்றிப் படிக்கிற கல்லூரியிலிருந்து. அவள் ஒருத்திதான் இலையைக் கண்டு ஆச்சரியப்படாமல் அதை எடை போட்டாள். மேல்துண்டில் ஒரு பை இலை, கீழ்த்துண்டில் ஒரு பை இலை, ரெண்டு இடத்திலும் மண்ணும் எடுத்துப் போய், பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். பேராச்சி அவளைக் கூப்பிட்டு மோர் கொடுத்து, மெல்லக் கேட்டாள்.

"அது மரத்தோட சிக்கனம்க்கா," என்றாள் ரெஜினா. "இலையை உதிர்க்குறதுக்கு முன்னாடி, அதுல இருக்கிற தழைச்சத்து, மணிச்சத்து எல்லாத்தையும் மரம் திரும்ப உடம்புக்குள்ள இழுத்துக்கும். எல்லா மரமும் கொஞ்சம் செய்யும். மண்ணுல ஒண்ணும் கிடைக்கலைன்னா, நிறையச் செய்யும். அங்க மேல துளி விடாம இழுத்துருச்சு. சுண்ணாம்பை மட்டும் எடுக்க முடியாது, அதான் நரம்பு வெள்ளையா நிக்குது."

"அப்ப என் மரம்?"

"உங்க மரத்துக்கு என்ன அவசியம்? மண்ணுலயே கொட்டிக் கிடக்கு. பச்சையாவே தூக்கிப் போடுது. பணக்கார வீட்டுல சோறு மிஞ்சுற மாதிரி. அது விழுந்து மக்கி மண்ணு இன்னும் நல்லாகும்." ரெஜினா தம்ளரை வைத்துவிட்டு, "நீங்க கொடுத்து வச்சவங்கக்கா," என்று சொல்லிப் போனாள்.

சொன்ன பெண் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். கேட்டவள் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது: மண் செத்தால் இலை கண்ணாடியாகும்.

மறுநாள் விடிந்ததும் பேராச்சி துடைப்பத்தோடு தோட்டத்தில் இறங்கினாள். மரத்தடியில் கிடந்த சருகை ஒரு இணுக்கு விடாமல் கூட்டினாள், மக்கி மண்ணோடு ஒட்டியதை மண்வெட்டியால் சுரண்டினாள், நாலு வருஷத்துச் சருகையும் கூடை கூடையாக வேலியோரம் கொட்டினாள். சாணி அள்ளிப்போன கோமதிநாயகத்தை வழிமறித்துத் திருப்பி அனுப்பினாள். மந்தையை ஓட்டிக்கொண்டு கிடை போட வந்த கீதாரியிடம், இந்த வருஷம் எங்களுக்கு ஆடு ஆகாது என்றாள். சித்திரையில் ஒரு கோடைமழை பெய்து மேட்டிலிருந்து வண்டல் இறங்கியபோது, முழங்கால் சேற்றில் நின்று வரப்பை வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினாள்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கத்தினான் கோமதிநாயகம். "வயித்துப் பிள்ளையைப் பட்டினி போடுவாளா ஒருத்தி?"

"பட்டினி போட்டாத்தான் மினுங்கும்," என்றாள் பேராச்சி.

வேலியோரத்துக் குவியல் இவள் உயரத்துக்கு வந்த நாளில் முப்பிடாதி அந்தப் பக்கம் வந்து நின்றாள். இடுப்பில் காலிக்குடம்.

"அக்கா, உங்களுக்கு வேண்டாம்னா, இந்தச் சருகை நான் அள்ளிக்கிடட்டுமா?"

பேராச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணாடி வைத்திருக்கிறவள் குப்பை கேட்கிறாள்! "அள்ளிக்கோ, அள்ளிக்கோ, இன்னும் கூட்டிப் போடுதேன்," என்றாள். அன்றிலிருந்து ஆடி முடிகிற வரை இவள் கூட்டுவதும் அவள் சுமப்பதுமாக நடந்தது, ஒரு தோட்டத்தின் உடம்பு கூடை கூடையாக மேடு ஏறிப் போயிற்று, இரண்டு பெண்களும் வேலியின் இரண்டு பக்கத்திலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். முப்பிடாதி மரத்துக்கு மரம் பாத்தி கட்டிச் சருகைப் பரப்பினாள், மேலே சரளை வைத்து அமுக்கினாள், குளித்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் அதன் மேல் ஊற்றினாள். ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது.

மாசி வந்தது. கார்கள் வந்தன, இளநீர்க் கடை வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மேல்துண்டில் முதல் இலை பொத்தென்று விழுந்தது. மஞ்சள் இலை, ஓரத்தில் பழுப்பு, நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பச்சை. ரெண்டாவது இலையும் அப்படி. நூறாவது இலையும் அப்படி. வந்தவர்கள் முகம் தொங்கிப் போயிற்று, கோயில் கொடையில் கரகாட்டம் இல்லை என்று கேள்விப்பட்டவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முப்பிடாதி மட்டும் அந்த இலையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அதிர்ஷ்டம் போய்விட்டதே என்று அழுகிறாள் என்று ஊர் நினைத்தது.

அந்த நேரத்தில் கீழ்த்துண்டிலிருந்து வளையல் சத்தம் கேட்டது.

ஊர் முழுக்க இறங்கி ஓடியது. கீழ்த்துண்டு மரங்கள் உயரமானவை, ஆகவே இலைகள் வெகுதூரம் மிதந்து மிதந்து, வெயிலை இங்கும் அங்கும் எறிந்துகொண்டே வந்தன. மேல்துண்டுக் கண்ணாடியெல்லாம் இதற்கு முன்னால் என்ன கண்ணாடி என்று ஜனங்கள் பேசிக்கொண்டதைப் பேராச்சி தன் காதால் கேட்டாள். ஒரு வருஷம் அவள் காத்திருந்த சொல் அது. பீடிப்பெண்கள் வந்து தடவிப் பார்த்தார்கள், பூசாரி ஒரு கட்டு விபூதிக்கு எடுத்துக்கொண்டார், பஞ்சாயத்தார் பஸ் நிறுத்தத்துக் கூரைக்கு என்று சாக்கில் அள்ளினார்கள். கண்ணாடித் தோப்பு என்று மேலே மாட்டியிருந்த பலகையைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து மாட்டினார்கள். இவள் ஓரக்கண்ணால் மேட்டைப் பார்த்தாள். முப்பிடாதி வேலியோரம் வரவே இல்லை. அது ஒன்றுதான் குறை. பொறாமைப்படவேண்டியவள் வந்து பொறாமைப்பட்டால்தானே?

மரங்கள் எப்படி இருந்தன என்று அவள் பார்க்கவில்லை. நுனிக் கொம்புகள் காய்ந்திருந்தன, பட்டை வெடித்திருந்தது, துளிர் எலிக்காது அளவுக்குமேல் விரியவில்லை. கோமதிநாயகம் பார்த்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். பேராச்சி ஆடித்தபசுக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தோட்டத்திலேயே பெரிய மரத்தில் சாய்ந்து நின்றாள். ஊரே பார்க்க நின்றது. "கொஞ்சம் சிரிங்கம்மா," என்றான் போட்டோக்காரன். அவள் சிரித்தாள்.

மரத்துக்கு அவ்வளவு பசி. பட்டையில் பட்ட முந்தானையிலிருந்து பச்சை இறங்கத் தொடங்கியது. காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் எப்படி உறிஞ்சுமோ அப்படி, முந்தானை வெளுத்தது, தோள் வெளுத்தது, இடுப்பு வெளுத்தது, கொசுவம் மடிப்பு மடிப்பாக வெளுத்தது, சரிகைக்கரைகூட நூலாகத் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள், எதிரே நிற்கிறவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளைச்சேலையில் நின்றாள்.

கண்ணாடி இலையை வடைக்கு மூடியாக்கி, ஜன்னலாக்கி, விபூதிக்குத் தாளாக்கி ஒரு வருஷம் புழங்கிய ஊருக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஒருத்தி தன் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாக் கண்ணும் கோமதிநாயகத்தின் மேல் திரும்பின, அவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பது போல.

"நான் இன்னும் சாகலை," என்றான் அவன், கூட்டத்தைப் பார்த்து. பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, தணிந்த குரலில், "அது என்ன செய்யும், பேராச்சி? கிடைச்சதைத் தின்னுது," என்றான்.

அவன் திட்டியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். தலையிலிருந்த பூவைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, முதல் தடவையாக நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். காய்ந்த நுனியைப் பார்த்தாள். வெடித்த பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், உள்ளே ஈரமே இல்லை. அவ்வளவு நாளும் அவள் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா, தன் மரம் இப்படி ஆனது அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

கூட்டத்தை அவளே வெளியேற்றினாள். "போங்க, எல்லாரும் போங்க, இங்க பாக்க ஒண்ணுமில்லை," என்று வேலிப் படலை இழுத்துச் சாத்தினாள். பலகையைக் கழற்றி ஓடைக்குள் எறிந்தாள். கோமதிநாயகத்தைக் கீதாரியைத் தேடி அனுப்பினாள். அவன் போய் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரை மரம் தாங்குமா என்று தெரியவில்லை. அந்த வெள்ளைச்சேலையை மாற்றக்கூட வீட்டுக்குப் போகாமல், வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு மேடு ஏறினாள்.

முப்பிடாதி சருகைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து மழைக்காலத்து வாசம் வந்தது. சேலையைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். செய்தி முன்னாடியே மேடு ஏறியிருந்தது.

"ஒரு கூடை சருகு குடு," என்றாள் பேராச்சி.

முப்பிடாதி கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நாலு வருஷமா உங்க தோட்டத்துல இலை விழுற சத்தத்தைக் கேட்டுகிட்டே தண்ணி சுமந்தேன். பொத்து பொத்துன்னு. பச்சையா, கொழுத்து. எனக்கு வயிறு எரியும். என் மரம் ஒரு இலையைக்கூட மனசாரப் போட மாட்டேங்குதேன்னு. ஊரே வந்து என் கண்ணாடியை மெச்சுச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என் பிள்ளை பட்டினியில எலும்பு தெரிய நிக்கு, எல்லாரும் வந்து எலும்பு எவ்வளவு அழகுன்னு சொல்லுதாக."

"நீ என்னைப் பாத்தா வயிறு எரிஞ்ச?" என்றாள் பேராச்சி. அந்தத் துக்கத்திலும் அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் குளுகுளுவென்றிருந்தது, மறைக்க முடியவில்லை.

"எரிஞ்சுது. நீங்க அள்ளிக்கோன்னு சொன்னப்ப, எங்கே இவளுக்குப் புத்தி வந்துருமோன்னு பயந்து பயந்து சுமந்தேன். ஒரு வார்த்தை, வேண்டாம்க்கா, மரம் போயிரும்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை."

ஒரு மஞ்சள் இலை அவர்களுக்கு நடுவில் விழுந்தது.

"தர மனசு வரலைக்கா," என்றாள் முப்பிடாதி. "பொய் சொல்ல மாட்டேன். இப்பத்தான் என் மரம் தலை தூக்குது."

"எனக்கும்தான் உன்கிட்ட கேக்க மனசு வரலை," என்றாள் பேராச்சி. "ஆனா மரம் சாகுதுல்லா."

முப்பிடாதி கையை நீட்டினாள். கூடையை வாங்கினாள். மேலே கிடந்த காய்ந்த சருகை ஒதுக்கிவிட்டு, அடியில் கறுப்பாக மக்கியிருந்ததை இரண்டு கையாலும் வாரினாள், புழுவோடும் ஈரத்தோடும் வாரி வாரிப் போட்டாள், நிறைந்ததும் முழங்காலை வைத்து அமுக்கி, அமுங்கிய இடத்தில் மேலும் போட்டாள், கோபுரமாகக் குவித்தாள். துணியைச் சும்மாடு கோலி வெள்ளைச்சேலைக்காரியின் தலையில் வைத்தாள். தூக்கிவிடக் கூடையின் விளிம்பைப் பிடித்தாள். பிடித்தவள், தூக்குவதற்கு முன்னால், குவியலின் உச்சியிலிருந்து ரெண்டு கை சருகைத் திரும்ப அள்ளித் தன் மரத்தடியில் போட்டுக்கொண்டாள்.

பேராச்சி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நானாயிருந்தால் நாலு கை எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் ஏற்றி மேட்டிலிருந்து இறங்கினாள்.